மூணாங்கிளாஸ் முதலாளி

வா தம்பி, உக்காரு. கையில என்ன அட்டை? குடு பாப்போம். அடேயப்பா, தங்க எழுத்து! ‘நிறுவனர், தலைமை நிர்வாக அதிகாரி’ன்னு போட்டிருக்கே, ரெண்டும் நீதானா? கம்பெனியில மொத்தம் எத்தனை பேரு? நீ ஒருத்தன்தான். அப்ப பொட்டலம் கட்டுறது யாரு? அதுவும் நீதான். அதையும் அச்சடிச்சிருக்கலாமே, கீழ இடம் சும்மாதானே கெடக்கு?

கோவிச்சுக்காத. வயசானவன் வாய்க்கு லெசென் கெடையாது.

உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. பண்டார் ஹிலிர் பக்கம் ஏதோ ஓட்டல்ல ரெண்டு நாள் வகுப்புக்குப் போனியாம். குளுகுளு ரூமாம். கோட்டுப் போட்ட ஆளு ஒருத்தன் பாட்டைப் போட்டு எல்லாரையும் எந்திரிச்சு ஆடச் சொன்னானாம். கோடீஸ்வரன் எப்படி நெனைப்பான்னு கத்துக் குடுத்தானாம். நீங்க கட்டுன காசை எண்ணிப் பாத்தா அவனுக்கு அந்த நெனைப்பு வரும், அது நியாயம். உனக்கு எங்கேர்ந்து வரும்?

காலையில நாலரைக்கு எந்திரிக்கணும், அதுதான் பெரிய மனுஷங்க ரகசியம்னும் சொன்னானாமே? நல்லாயிருக்குடா. தோட்டத்துல நாங்க அத்தனை பேரும் நாலரைக்குத்தானே எந்திரிச்சோம். ஆறு மணிக்குள்ள பெரட்டுக் களத்துல நிக்கலன்னா மண்டோரு வாயில வர்றதைக் காதால கேக்க முடியாது. நாலரைக்கு எந்திரிக்கிறவன் எல்லாம் கோடீஸ்வரன்னா மெர்லிமாவ்லேர்ந்து ஜாசின் வரைக்கும் லயம் லயமா கோடீஸ்வரங்கதான் கித்தா வெட்டியிருக்கோம். எவனும் எங்களுக்குச் சொல்லவே இல்லியே.

சரி, அது போகட்டும். அங்க திரையில ஒரு படம் காட்டுனாங்களாம். கோயம்புத்தூரு ஜி.டி. நாயுடு. ‘படிச்சது மூணாங்கிளாஸ், ஊரே இந்தியாவின் எடிசன்னு கூப்பிட்டுச்சு’ன்னு சொன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரியே நீ முடிவு பண்ணிட்ட. மெர்லிமாவ் பாலிடெக்னிக்கை விட்டுடணும், தொழில்ல எறங்கிடணும். நாயுடு படிச்சாரா, நான் மட்டும் எதுக்குப் படிக்கணும்?

படிப்பை நிறுத்துனா நாயுடு ஆயிடலாம்னா, என்கூடப் பாதியில நின்ன பயலுக எத்தனை பேரு இந்தப் பக்கம் இருக்கானுங்க! ஒருத்தன் பேருலயாவது ஒரு பஸ்ஸு ஓடியிருக்கணுமே. மூவார் ரோட்டுல எத்தனை வருஷமா நிக்கிறேன், நான் ஒண்ணையும் பாக்கல.

அந்தாளு கதையை நான் சொல்றேன் கேளு. உங்க ஓட்டல் வகுப்புக்காரன் உனக்குக் காட்டுனது கழுவித் தொடைச்ச பாதி.

கோயம்புத்தூர் பக்கம் சூலூரு, அதுக்குக் கிட்ட கலங்கல்னு ஒரு ஊரு. 1893 மார்ச் 23ல பொறந்தாரு, கோபாலசாமி துரைசாமி நாயுடு. வெவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் புடிக்கல. வாத்தியார் மேலயே மண்ணை வாரி எறிஞ்சாருன்னு சொல்வாங்க. இது வரைக்கும் உனக்கும் அவருக்கும் ரொம்பப் பொருத்தம், நான் ஒத்துக்கிறேன். இதுக்கு மேலதான் ஒதைக்குது.

ஒரு நாளு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரு மோட்டாரு சைக்கிள்ல வந்தாரு. ரட்ஜுன்னு ஒரு வண்டி. மாடு இல்ல, குதிரை இல்ல, தானா ஓடுது. ஊரே வேடிக்கை பாத்துச்சு, பாத்துட்டு வீட்டுக்குப் போச்சு. இவரு மட்டும் போகல. அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு நின்னாரு. அந்த வண்டி எனக்கு வேணும்னு கோயம்புத்தூருக்குப் போயி ஓட்டல்ல வேலைக்குச் சேந்தாரு. பந்தியில பரிமாறுற வேலை, எச்சில் தட்டு எடுக்குற வேலை. வருஷக் கணக்குல பாத்து, காசைச் சேத்து, அந்த வண்டியையே வாங்குனாரு.

வாங்கி என்ன பண்ணாரு? ஏறி ஊரைச் சுத்தி வந்தாரா? முன்னால நின்னு போட்டோ புடிச்சாரா? வீட்டுக்குக் கொண்டாந்து அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டாரு. அப்புறம் மறுபடி மாட்டுனாரு. வருஷக் கணக்குல எச்சில் தட்டு எடுத்துச் சம்பாரிச்ச சாமானை எவனாவது தரையில பரப்புவானா? அவரு பரப்புனாரு. அவரு படிச்ச மொதப் பாடம் அதுதான். பீஸு கட்டித்தான் படிச்சாரு, என்ன, அந்தப் பீஸை அவரே சம்பாரிச்சாரு.

நீயும்தான் போன வருஷம் மோட்டோர் வாங்குன. தவணைக்குக் கையெழுத்துப் போட்டது உங்கப்பன். இன்னைக்கு வரைக்கும் ஒரு திருகாணியைத் திருகியிருப்பியா? இல்ல இல்ல, பொய் சொல்லக் கூடாது, புகைக்கொழாயை மாத்துன. எதுக்கு? சத்தம் பத்தலன்னு.

இப்ப அவரு கதையைச் சினிமாவாவே எடுத்திருக்காங்க, மாதவன் நாயுடுவா நடிச்சிருக்காரு. போய்ப் பாரு, நானும் வர்றேன், டிக்கெட்டு நீ எடு. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். படத்துல ஓட்டல் சீன் வர்றப்ப பின்னால வயலின் வாசிப்பாங்க. அவரு நெசமாவே தட்டு எடுத்தப்ப சமையக்கட்டுலேர்ந்து ‘டேய்’னு ஒரு சத்தந்தான் வந்திருக்கும்.

அதுக்கப்புறம் பருத்தி வியாபாரம் பண்ணாரு. காசு வந்துச்சு. பம்பாய்க்குப் போயி அந்தக் காசை விட்டுட்டும் வந்தாரு. இதை உங்க ஓட்டல் வகுப்புக்காரன் சொன்னானா? சொல்ல மாட்டான். ‘தோத்துப் போனாலும் எந்திரிக்கலாம்’னு சொல்வான், தோத்தவன் வீட்டுல அன்னைக்குச் சோறு எப்படின்னு சொல்ல மாட்டான்.

1920ல பஸ்ஸு வந்துச்சு. எப்படி வந்துச்சு? இங்கதான் காதைக் கொஞ்சம் தீட்டிக்கணும். கோயம்புத்தூருல ராபர்ட் ஸ்டேன்ஸுன்னு ஒரு தொரை, பெரிய வியாபாரி. அவரு இந்த ஆளைப் பாத்தாரு, கையில இருக்குற வேலையைப் பாத்தாரு, பஸ்ஸு வாங்கக் கடன் குடுத்தாரு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல அந்த ஒத்தப் பஸ்ஸு ஓடுச்சு. ஓட்டுனது யாரு? முதலாளிதான். டிரைவரு வச்சுக்கக் காசு ஏது? நான் பழனியாண்டவரைக் கும்பிடப் போனப்ப அதே ரோட்டுலதான் பஸ்ல போனேன். புளிய மரமும் வெயிலுமா கெடந்துச்சு. அந்த வெயில்ல ஸ்டீரிங்கைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தவருக்கு நிறுவனர்னு அட்டை அடிக்க நேரம் இருந்திருக்குமான்னு அன்னைக்கு யோசிச்சேன்.

பத்துப் பதினஞ்சு வருஷத்துல யு.எம்.எஸ்.ங்கற பேருல பஸ்ஸுங்க நூத்துக்கணக்குல ஓடுச்சு. சொன்ன நேரத்துக்கு வண்டி வரும்னு பேரெடுத்தாரு.

தானா வளந்தவரு, தானா வளந்தவருன்னு உங்க ஓட்டல் வகுப்புக்காரன் கத்துறான். ஸ்டேன்ஸ் தொரை குடுத்த கடன் யாரு கணக்குல? பின்னால மோட்டாரு செஞ்சப்ப கூட நின்ன பாலசுந்தரம் யாரு கணக்குல? அந்தப் பாலசுந்தரம் சாதாரண ஆளா, டெக்ஸ்டூல் கம்பெனியை உண்டாக்குனவரு. நாயுடு கெட்டிக்காரரு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா, கெட்டிக்காரனைப் பாத்துக் கடன் குடுக்குறவன் ஒருத்தன் பக்கத்துல இருந்தான் பாரு, அது பாதி ஜெயிப்பு.

நம்ம மலாக்காவையே எடுத்துக்க. 1896ல புக்கிட் லிந்தாங்ல டான் சாய் யான்னு ஒரு சீனரு கித்தா போட்டாரு. மலாயாவுல வியாபாரத்துக்குன்னு போட்ட மொதக் கித்தாத் தோட்டம் அதுதான். சிங்கப்பூரு தாவரத் தோட்டத்துல இருந்த ரிட்லி தொரை வெதையை வச்சுக்கிட்டு ‘போடுங்கய்யா, போடுங்கய்யா’ன்னு ஊரெல்லாம் கெஞ்சுனாரு. பைத்தியம்னே பேரு வச்சுட்டாங்க. அப்பயும் சாய் யான் வாங்கிப் போட்டாரு. தைரியசாலிதான். ஆனா, அவரு தாத்தா யாரு? டான் தோக் செங். சிங்கப்பூருல பேரு வச்சு ஆஸ்பத்திரியே நிக்குதே, அவரேதான். அப்படித் தாத்தா இருந்தா நானும் தைரியசாலிதான். எங்க தாத்தா விட்டுட்டுப் போனது ஒரு பாராங் கத்தி, அதுவும் பிடி இல்லாதது.

அப்புறம் அந்தக் கித்தாக் காட்டுல பாலு வெட்டுனது யாரு? அதை யாரும் திரையில போட்டுக் காட்டுறதில்ல.

எங்களுக்குக் கடன் குடுக்க ஸ்டேன்ஸ் தொரை கெடையாது. சுதந்திரம் வந்தப்ப வெள்ளைக்காரன் தோட்டத்தை வித்தான், வாங்குனவன் துண்டு துண்டா வெட்டி வித்தான், லயத்து சனம் நடுரோட்டுல நின்னுச்சு. அப்ப மந்திரி சம்பந்தன் ஐயா தோட்டந் தோட்டமாப் போயிப் பத்துப் பத்து வெள்ளியாச் சேக்கச் சொன்னாரு. 1960ல கூட்டுறவுச் சங்கம் வந்துச்சு. கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்குச்சு. அதுவும் ஒரு முதலாளி கதைதான். என்ன, முதலாளி ஒருத்தனா இல்லாம ஆயிரக்கணக்குல இருந்தாங்க, அட்டையில பேரு போட எடம் பத்தாது.

நாயுடுகிட்ட வருவோம். 1937ல இந்தியாவுலயே செஞ்ச மொத மின்சார மோட்டாரை அவரும் பாலசுந்தரமும் கோயம்புத்தூருல ஓட்டிக் காட்டுனாங்க. அதுவரைக்கும் மோட்டாருன்னா கப்பல்லதான் வரணும். இன்னைக்கு அந்த ஊருல எந்தச் சந்துல நொழைஞ்சாலும் பம்புசெட்டும் மோட்டாருமாக் கெடக்குது. அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது அந்த மூணாங்கிளாஸ்.

பேட்டரியில ஓடுற சவர மெஷின் ஒண்ணு செஞ்சாரு, ராசாந்துன்னு பேரு. மண்ணெண்ணெயில ஓடுற காத்தாடி செஞ்சாரு. பழம் புழியுற மெஷினு, மெல்லிசு பிளேடு, ஓட்டுப் போடுறதுக்கு ஒரு மெஷினு. ஓட்டு மெஷினு செஞ்சாரே, தேர்தல்ல ஜெயிச்சாரான்னு கேளு. நின்னாரு, தோத்தாரு. சனங்க மனசைப் பிரிச்சு மாட்டுற ஸ்பேனரு அவருகிட்டயும் இல்ல போல. லண்டன்ல அஞ்சாம் ஜார்ஜு ராஜா செத்தப்ப, அது 1936, அங்க போயி சவ ஊர்வலத்தைத் தன் கேமராவுலயே படம் புடிச்சாரு. ஊருக்கு வந்து பப்பாளியை வளத்தாரு, ஆள் ஒசரத்தைத் தாண்டிப் பருத்திச் செடியை வளத்தாரு. கை சும்மா இருந்தாத்தானே?

1941ல அஞ்சு வால்வு ரேடியோ, வெல எழுவது ரூபான்னாரு. எழுவது ரூபாடா!

இங்க எனக்கும் அவருக்கும் ஒரு சண்டை இருக்கு. ஐம்பதுகள்ல அரசாங்கம் வரி மேல வரி போடுதுன்னு அவருக்குக் கோவம். என்ன பண்ணாரு? தான் செஞ்ச சாமானுங்களைச் சனங்க முன்னால போட்டு ஒடைச்சாரு. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் அதைப் பத்திப் பேசுனாங்க. வீரம்னு எழுதுனாங்க. என்கிட்ட கேட்டா அது வீம்பு. வரி போட்டவன் நாற்காலியில சௌக்கியமாத்தான் உக்காந்திருந்தான். ஒடைஞ்சது சாமான்தானே?

அதே காலத்துல எங்க லயத்துல ரேடியோவே கெடையாது தம்பி. கிராணி வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. சாயங்காலம் ஆனா அவரு ஜன்னலுக்கு வெளிய சனம் கூடி நிக்கும். பொம்பளைங்க புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுப் பாட்டு கேப்பாங்க. கிராணியம்மாவுக்குத் தலைவலி வந்துட்டா ஜன்னலைச் சாத்திடும். பாட்டு பாதியில நிக்கும். அந்தம்மாவுக்கு நல்ல பாட்டு வர்றப்பதான் தலை வலிக்கும், அது என்ன சூட்சுமமோ. ஒடைக்கிறதுக்குன்னு சாமானைக் குவிச்சு வச்சிருந்த மனுஷன், அதுல ஒரு ரேடியோவைக் கப்பல்ல ஏத்தி இந்தப் பக்கம் அனுப்பியிருந்தா எங்காத்தா அவரு படத்தை மாரியம்மா பக்கத்துல மாட்டியிருக்கும்.

பெரியவங்க செஞ்சதெல்லாம் சரின்னு தலையாட்டுறதுக்கு நான் ஒண்ணும் அந்த ஓட்டல் வகுப்புல ஒக்காந்தவன் இல்ல. நீயும் ஆட்டாத.

1952ல ரெண்டு பேரு போற சின்னக் காரு ஒண்ணு செஞ்சாரு. வெல ரெண்டாயிரம் ரூபா. அரசாங்கம் லைசென்ஸு குடுக்கல. காரு அதோட நின்னு போச்சு. 1974 ஜனவரியில மனுஷனும் போய்ச் சேந்தாரு. அதுக்கப்புறம் நடந்ததைக் கேளு. 2025 அக்டோபர்ல கோயம்புத்தூரு அவிநாசி ரோட்டுல 10 கிலோமீட்டரு நீளத்துக்கு மேம்பாலம் தொறந்தாங்க. பேரு என்ன? ஜி.டி. நாயுடு மேம்பாலம். காரு செய்ய விடல, செத்து அம்பது வருஷம் கழிச்சுக் காரு ஓடுற பாலத்துக்கு அவரு பேரு! அன்னைக்கு மறுத்த அரசாங்கம் வேற, இன்னைக்குப் பேரு வச்ச அரசாங்கம் வேறன்னு படிச்சவங்க சொல்வாங்க. எனக்கு எல்லா ஆபீஸு கவுண்டரும் ஒரே கவுண்டராத்தான் தெரியுது. உயிரோட போயி நின்னா ‘நாளைக்கு வா’ன்னுதான் சொல்வான்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். ஏன் மொபைலைப் பாக்கிற? இங்க பாரு.

பள்ளிக்கூடத்தை விட்டாரே, அதை மட்டும் பெரிசாப் பேசுறியே, அவரே பள்ளிக்கூடம் கட்டுனது உனக்குத் தெரியுமா? 1945ல கோயம்புத்தூருல ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வந்துச்சு. காசு அவருது. மெட்ராஸு கவர்னரு ஆர்தர் ஹோப் பேரை வச்சாங்க. இன்னைக்கு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரின்னு நிக்குதே, அதுதான். அதுக்கு முதல்வரா உக்காந்தது யாரு? இந்த மூணாங்கிளாஸ்தான். கூடவே ஒரு பாலிடெக்னிக்கும். ஆமா தம்பி, பாலிடெக்னிக். நீ எதை விட்டுட்டு நாயுடு ஆகப் போறேன்னு நிக்கிறியோ, அதைத்தான் நாயுடு கைக்காசு போட்டுத் தொறந்தாரு.

வாயைத் தொறக்குற, என்ன சொல்ல வர்றன்னு தெரியும். ‘நாலு வருஷப் படிப்பு வீண்னு அவரே சொன்னாரே தாத்தா’. சொன்னாருதான். பட்டறை வேலையும் படிப்பும் சேந்து நடந்தா ரெண்டு வருஷம் தாராளம்னு சண்டை போட்டாரு. வெள்ளைக்காரன் ஒத்துக்கல. போய்யான்னு முதல்வர் பதவியையே விட்டுட்டு வந்துட்டாரு. எல்லாம் சரி. ரெண்டு வருஷம்னுதானே சொன்னாரு? ரெண்டு நாள்னு சொல்லலியே?

உனக்கு இன்னும் ஒரே வருஷம் பாக்கி. கடைசல் மெஷின் வச்சிருக்கான், வெல்டிங் மெஷின் வச்சிருக்கான், தொட்டுப் பாக்க விடுறான். நாயுடு காலத்துல அப்படி ஒரு எடம் மட்டும் கலங்கல் பக்கத்துல இருந்திருந்தா அவரை அங்கேர்ந்து கழுத்தைப் புடிச்சுத் தள்ளுனாலும் வெளிய வந்திருக்க மாட்டாரு. நீ என்னடான்னா, வெளியூருலேர்ந்து வர்ற சோப்புக்குப் புதுப் பேரு ஒட்டி மொபைல்ல விக்கிறதுக்காகப் படிப்பை விடப் போற. சோப்பு வித்தா தப்பான்னு கேக்காத. தாராளமா வித்துக்க. எங்க காலத்துல லயத்துக்குச் சைக்கிள்ல வந்த துணி வியாபாரி வித்ததும் யாவாரந்தான். அவரு தன்னை எடிசன்னு சொல்லிக்கல, அவ்வளவுதான்.

அந்தச் சோப்பு எதுல செய்யுறாங்க? தெரியாது. எண்ணெய் எது? தெரியாது. நம்ம சுத்தி இருக்குற காடு பூரா செம்பனை, அந்த எண்ணெயிலதான் பாதிச் சோப்பு வருது, ஒரு சட்டி வச்சு ஒருக்காலாவது காய்ச்சிப் பாத்தியா? பாக்கல. அட்டையை மட்டும் அடிச்சுட்ட.

சரி, ரொம்பத் திட்டிட்டேன். தேத்தண்ணியைக் குடி, ஆறுது.

நாளைக்குச் சனிக்கெழமைதானே, படிப்பு இல்லல்ல? காலையில இங்க வா. நாலரைக்கெல்லாம் வேணாம், எட்டு மணி போதும். ஜெட்டி பக்கம் ஈக்கான் பாக்கார் கடை வச்சிருக்கானே நம்ம பய, அவன் கடைப் பொகை இழுக்குற காத்தாடி நின்னு போச்சு. கடல் காத்துல உப்பு ஏறி மோட்டாரு மொத்தமாப் பூத்துக் கெடக்கு. கடைக்காரனைக் கூப்பிட்டா புதுசு மாத்துங்கறான். பழசைத் தூக்கிப் போடாதடா, ஒரு எஞ்சினியரு வர்றான்னு உன் பேரைச் சொல்லி வச்சிருக்கேன். ஸ்பேனரு என்கிட்ட இருக்கு. சட்டை நல்லதாப் போட்டுக்கிட்டு வராத.

கூலி கெடையாது. ரெண்டு கெம்போங் மீனை வாழை எலையில வச்சுச் சுட்டுத் தருவான், சம்பல் தனி. பிரிச்சு வைக்கிறதை வரிசையாத் தரையில வை, எதுக்கப்புறம் எதுன்னு மொபைல்ல படம் புடிச்சுக்க, அதுக்காவது அது ஒதவட்டும். எல்லாத்தையும் மாட்டி முடிச்சப்புறம் கையில ஒரு திருகாணி மிச்சம் நின்னுச்சுன்னா பதறாத. சத்தம் போடாம என்கிட்ட குடுத்துடு. அவன் பாக்குறதுக்குள்ள நான் வேட்டி மடிப்புல வச்சுக்கிறேன்.